ஏழெட்டு

கோலகெட்டில் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
விடிய விடியத் திறந்திருக்கும் டோபிக் கடை.
மூன்று நாளாய் மழை.
காயவைக்கும் இயந்திரம்
வெள்ளிக்கு ஆறு நிமிடம் சுற்றும்.
உள்ளே எங்கள் போர்வை.
வெளியே சிவப்பு நாற்காலியில்
நாளைய கணிதச் சோதனையோடு தீபாஷினி,
மூன்றாம் ஆண்டு.

ஏழாம் வாய்ப்பாடு சொல்லு என்றேன்.
ஏழேழு நாற்பத்தொன்பது வரை
இறக்கத்தில் வரும் சைக்கிள் போல வந்தவள்
அடுத்ததில் காலூன்றி நின்றுவிட்டாள்.

எனக்கும் அங்கேதான் நிற்கும்.
நான் படித்த வருடங்களில் கணக்கு இங்கிலீஷில்.
செவன் எய்ட்ஸ் என்று மனசுக்குள் தொடங்கி
ஃபிஃப்டி சிக்ஸைப் பிடித்து
தமிழில் இறக்கி வைக்க
ஒரு மூச்சு நேரம் ஆகும்.
அந்த ஒரு மூச்சில் என் முகத்தைப் பார்த்துவிடுவாள்.

"ஏழெட்டு..." என்று எடுத்துக் கொடுத்தேன்.

"ஏழெட்டுன்னா ஏழோ எட்டோதானேம்மா?
ஏழெட்டு நாள்ல வந்துருவேன்னு
அப்பா சொன்னாரே, அது மாதிரி."

அவர் ஜொகூருக்கு லோரியேறிப் போனது
பள்ளி விடுமுறைக்கு முன்னால்.
அதற்குப் பிறகு நாள்களை நான்
கூட்டவும் இல்லை, பெருக்கவும் இல்லை.

மடிக்கும் மேசையில்
செம்பனை ஆலைச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த
வங்காளதேசத்துக்காரர் நிமிராமல் சொன்னார்:
"லீமா புலோ எனாம்."
மலாயில் சொன்னது போதவில்லை போல,
சிரித்துக்கொண்டு அவர் மொழியிலும் ஒருமுறை:
"ஷாத் ஆட்டே சாப்பான்னோ."
அதற்கு ஒரு தாளம் இருந்தது.
யாரோ எப்போதோ பிரம்போடு நின்று
அவருக்குள் ஏற்றிய தாளம்.

"நான் சொல்ல இருந்தேன்" என்று
தீபாஷினிக்குக் கோபம்.
எழுந்து போய் ஆவி படிந்த கண்ணாடிக் கதவில்
56 என்று பெரிதாய் எழுதினாள்.
ஆறின் வால் வழிந்து தரைவரை வந்தது.

பிரச்சனைக் கணக்குக்கு வந்தோம்.
டீச்சர் சொல்லிக் கொடுத்த தந்திரம்:
'ஒவ்வொரு' என்ற சொல்லைத் தேடு,
சிவப்பில் கோடு போடு, பெருக்கு.
'மொத்தம்' வந்தால் மட்டும் நம்பாதே,
அது கூட்டலிலும் வரும்.

பக்கத்து வீட்டு லோகேந்திரனும்
நனைந்த பள்ளிக் காலணியோடு வந்து சேர்ந்தான்.
புத்தகத்தை மூடிவிட்டு நானே ஒன்று கட்டினேன்:
"ஒவ்வொரு கையுறைக்கும் ஐந்து விரல்.
ஃபேக்டரியில் அம்மா ஒன்பது கையுறையை
ஊதிப் பார்க்கிறாள்.
மொத்தம் எத்தனை விரல்?"

"நாப்பத்தஞ்சு!"

"ஓட்டை இருந்தா கழிக்கணுமா ஆண்ட்டி?"
என்றான் அவன்,
எங்கள் சூப்பர்வைசரின் அதே குரலில்.
கழிப்பார்கள்தான்.
நாளைக்குக் கழிக்க வேண்டாம் என்றேன்.

இயந்திரம் நின்றது.
கனத்த போர்வைக்கு ஐந்து வெள்ளி பிடிக்கும்.
நான் போட்டது நான்கு.
பையில் மீதி இருந்தது
காலை பஸ்ஸுக்கான சில்லறை.

தீபாஷினி போர்வைக்குள் கைவிட்டுப் பார்த்தாள்.
"ஐயாறு முப்பது. நாலாறு இருபத்து நாலு.
இன்னும் ஆறு நிமிஷம் ஈரமா இருக்கும்மா."
எங்கேயும் கோடு போடாமல்,
யாரும் கேட்காமல்,
அவளே கட்டி அவளே போட்ட கணக்கு.
வங்காளதேசத்துக்காரர் தலையை ஆட்டினார்,
புரிந்ததோ என்னவோ.

வீட்டில் அந்த ஆறு நிமிடத்தை
என் பக்கமாய்த் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்தேன்.
தகரத்தில் மழை எண்ணிக்கொண்டே இருந்தது.
தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது
கேட்டாள்:

"அம்மா, அப்பா சொன்னது
எந்த ஏழெட்டு?"

ஒன்பதாம் வாய்ப்பாடு இன்னும் பார்க்கவே இல்லை,
தூங்கு என்றேன்.