இருபத்தெட்டாம் வகுப்பு

வணிகக் குறிகளின் பதிவேட்டில்
விளையாட்டுச் சாமான்களுக்கு இருபத்தெட்டாம் வகுப்பு.
மூன்று வாரமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்,
கடைசி பெஞ்சில், பென்சிலோடு.

பகடை வரைந்தேன். இருக்கிறது.
இருபது முகப் பகடை. பதினான்கு பேரிடம் இருக்கிறது.
அறுகோணம் தேனீக்களுடையது என்று நினைத்திருந்தேன்,
அதற்கும் ஒரு கம்பெனி, கம்பெனிக்கு ஒரு வக்கீல்.
சிரிக்கும் டிராகன், சிரிக்காத டிராகன்,
கையைக் காலை விரித்து நிற்கும் மரப்பொம்மை
எல்லாவற்றின் தோளிலும் ஒரு குட்டி வட்டம்,
அதற்குள் ஓர் எழுத்து,
பட்டியில் அடைத்த ஆடு மாதிரி.

நாங்கள் கேட்டது பெரிய விஷயமில்லை.
விதிகளை யாரும் எடுக்கலாம், மாற்றலாம்,
அச்சடித்து விற்கவும் செய்யலாம்
என்று விட்டுக்கொடுத்த ஆட்டங்கள்,
ஆறு பேர் செய்த ஒன்பது பெட்டிகள்.
ஒன்பதின் மூலையிலும் ஒரே குறி வேண்டும்,
கடையில் எட்ட நின்று பார்த்தாலே
இது பூட்டாத பெட்டி என்று தெரிய.

வியாழன் இரவு, பெண்டமியர் உணவங்காடி.
ஆளில்லாத ஒரே மேசையில்
ஒரு டிஷ்யூ பொட்டலம்.
யாரோ சோப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்
(குளிக்கிற சோப் இல்லை, நம்மூர்ச் சோப்).
ஊரே மதிக்கிற முத்திரை.
பதிவுக் கட்டணம் கிடையாது,
பத்து வருடத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டாம்,
கடைசியில் அதிலேயே வாயும் துடைத்துக்கொள்ளலாம்.
"இதையே லோகோவாக வைத்துவிடலாமே," என்றான் கெங் ஹோக்.
"இது 'எங்கள் இடம்' என்கிற குறி," என்றாள் ஜுனைதா,
"நமக்கு வேண்டியது 'வா, உட்கார்.'"

நின்றபடியே
தட்டில் சிந்திய தே-ஓவில் விரலைத் தொட்டு
மூன்று புள்ளி வைத்தேன்.
மேலே ஒன்று, கீழே இரண்டு.
எனக்கு அது ஃ,
உயிரிலும் சேராமல் மெய்யிலும் சேராமல்
தனிநிலை என்று பேர் வாங்கியது.
கெங் ஹோக் "ஆகவே" என்று வாசித்தான், கணக்குக் குறியாம்.
இல்லை, ஜாவி எழுத்தில் 'ங'வின் தலையில் இருப்பது, என்றாள் ஜுனைதா,
நான் தலைகீழாகத்தான் பார்க்கிறேன், ஆனாலும் அதேதான்.
இல்லை, தலைகீழாக இருந்தால் அது வேறே என்று கெங் ஹோக் ஆரம்பிக்க,
சார்ஜ் தீர்ந்த பக்கத்து மேசைப் பையன் எட்டிப் பார்த்து
"பிளக் பாயிண்டா? எங்கே?" என்றான்.

இலவச ஆலோசனை, அரைமணி நேரம்.
வக்கீல் பிலோமினா ஓங் கண்ணாடியைக் கழற்றினார்.
எல்லோருக்கும் தெரிந்த குறி பலவீனமான குறி.
காப்பாற்ற ஆசையென்றால்
ஒருவர் சொந்தக்காரர் ஆகியே தீர வேண்டும்.
உங்கள் ஆறு பேரில் யார்?
ஆறு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.
சரி, பூட்டிய ஆட்டத்தின் பெட்டியில்
நாளை ஒருவன் இதை ஒட்டினால்?
ஜுனைதாதான் சொன்னாள்:
"அவன் பொய்யன். திருடன் இல்லை."
வக்கீல் அதை எழுதிக்கொள்ளவில்லை.
நான்கு நிமிடம் மிச்சமிருந்தது,
பெட்டியைத் திருப்பி
எத்தனை பேர் ஆடலாம் என்று கேட்டார்.

பிராஸ் பசாவில் அச்சு.
முதல் கட்டில் ஒரு புள்ளி கொஞ்சம் நழுவிவிட்டது.
அதுவும் செல்லும் என்று
விதிப் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்தோம்.
அச்சகக்காரர் பேனாவைத் திறந்து
லோகோ யாருடையது, யார் பேரில் போட, என்றார்.
பில் என் பேரில்,
என்றேன்.