மூணாவது சிலிண்டர்

"நாயைப் பிடிங்க" என்று சர்னாய் கத்தினாள்.
நான் பிடிக்கவில்லை.
எப்படியோ வந்துவிட்டாள்.
கூடாரத்தின் நிலையை மிதிக்காமல் தாண்டினாள்;
அதற்காக மட்டும் உப்புத் தேநீர் ஊற்றினேன்.

கைவிட்டவங்களுக்குத்தானே உங்க ஆஸ்பத்திரி?
பதில் சொல்லாமல்
லுவ்சன்ஜாவின் குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள்,
டயரில் ஆணி தேடுகிறவள் போல.
"ஆறு நாள் புண். ஏன் சொல்லலை?"
ஈரலில் கட்டி உள்ளவன்
குதிகாலைப் பற்றி யாரிடம் சொல்வான்?

மார்ஃபின், நாலு மணிக்கொரு தரம்.
வலி வந்த பிறகு அல்ல, வருமுன்.
சாவைக் கூட்டி வருமா இது?
"தூக்கத்தை."
அன்றிரவு குறட்டை விட்டான்,
பதினோரு வாரம் கழித்து.
விடியும்வரை உட்கார்ந்து கேட்டேன்.

வியாழக்கிழமை அவனிடம் கேட்டாள்:
வேற என்ன வேணும்?
மகனைச் சொல்வான், லாமாவைச் சொல்வான் என்றிருந்தேன்.
"லாரியை ஸ்டார்ட் பண்ணணும்."

ஜூன்மோட்டில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஊதுவிளக்கு,
பனியில் மல்லாந்து இரண்டு பெண்கள்,
ஒரு மணி நேரம்.
பிடித்துக்கொண்டது.
உள்ளே ஓடினேன்.

கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.
"மூணாவது சிலிண்டர் தட்டுது.
விக்கும்போது மறைக்காதே."