இருபத்தி நாலாவது போல்ட்

ஆனி மாசக் காற்று ஓட்டைத் தூக்கிப் பார்க்கும் ராத்திரி.
பணகுடியில், இரண்டேகால் மணிக்கு
முழிப்புத் தட்டிற்று.
இறுக்கினேனா?

எண்பது மீட்டர் உயரத்தில்
இறக்கையின் வேரில் ஐம்பத்தி நாலு போல்ட்.
ஒவ்வொன்றையும் இறுக்கியதும் குறுக்கே
சிவப்பு பெயிண்டில் கோடு இழுப்போம்.
இருபத்தி மூணுக்கு இழுத்தது கைக்கு ஞாபகமிருக்கிறது.
இருபத்தி அஞ்சுக்கு இழுத்ததும்.
நடுவில் சுடலைக்கண்ணு கீழேயிருந்து
டீ வாங்கவா என்று வாக்கிடாக்கியில் கேட்டான்.

அவ்வளவுதான்.
அந்த டீயிலிருந்து கிளம்பிற்று:
இறக்கை கழன்று பொட்டலில் விழுகிறது,
பொட்டலில் கிடை போட்டிருக்கிறார்கள்,
ஆட்டோடு ஆடாய் ஒரு பையன் படுத்திருக்கிறான்,
கோர்ட்டு, பேப்பரில் என் போட்டோ,
ஷெர்லினுக்கு யார் பீஸ் கட்டுவார்.

போன மாசம் கியர் எண்ணெய் மூடி.
அதற்கு முந்தி வீட்டு கேஸ் வால்வு,
மூன்று தடவை எழுந்துபோய் முகர்ந்து பார்த்தேன்.
அசனத்துக்குப் பந்தியில் உட்கார்ந்திருக்கையில்
சபைக் கணக்கர் வேதமாணிக்கம் காதோரம் சொன்னார்:
உமக்கு விசுவாசம் கம்மி, அதான்.
அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
கம்மிதானோ என்று
அதற்கும் ஒரு ராத்திரி தூங்கவில்லை.

ஜெபக்கனி விளக்கைப் போட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
மப்ளரை எடுத்துத் தந்து,
போய்ப் பாத்துட்டே வாங்க, என்றாள்.

பதினோரு கிலோமீட்டர்.
பைக்கை ஓரம் தள்ளிக்கொண்டே வந்தது காற்று.
பூட்டின கோயில் முன்னால் ஒரு பல்ப்
ஆடிக்கொண்டிருந்தது.
பழவூர்ப் பக்கம் என் காற்றாலை
மேகத்துக்குள் சிவப்பாய்க் கண் சிமிட்டிற்று.

மீட்டரில் பதினாறு.
பன்னிரண்டைத் தாண்டினால் ஏறக்கூடாது.
நான்தான் புதுப் பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறவன்.

கோபுரத்தின் இரும்பில் முதுகை வைத்து உட்கார்ந்தேன்.
எலும்புக்குள் அதன் முனகல்.

ஆண்டவரே,
படகில் தண்ணீர் ஏற ஏற
தலையணையில் தலை வைத்து உறங்கினீரே,
சின்ன வயசிலிருந்தே அதில் எனக்கு உம்மேல் வருத்தம்.
வாளியால் இறைத்த ஆட்கள் பக்கம்தான் நான்.
இன்றைக்கு ஒன்று கேட்கிறேன்:
அந்தத் தலையணையில் ஓரத்தில் கொஞ்சம் இடம்.

பயத்தை விட்டுவிட்டு
உம்மைப் பிடிக்கச் சொல்கிறார்கள்.
ஏணியில் அப்படி ஏறினால் சாவுதான்.
இடுப்பில் எங்களுக்கு இரண்டு கொக்கி.
மேலே ஒன்றை மாட்டி, இழுத்துப் பார்த்து,
பிறகுதான் கீழே உள்ளதைக் கழற்றுவோம்.
ஒரு நொடிகூட இரண்டும் காற்றில் நிற்காது.
அதனால் இந்தப் பயத்தோடேயே மாட்டுகிறேன்.
கழற்றுவது அப்புறம்.

ஒன்றாவது போல்ட் உமக்கு.
இரண்டாவது உமக்கு.
மூன்று, கொஞ்சம் துருப்பிடித்தது, அதுவும்.
ஏழு, ஷெர்லினின் இளைப்பு.
பதினொன்று, வீட்டுக் கடன்.
பதினாலு, அந்தக் கிடைப் பையன்;
அவன் பேர் எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும்.
பத்தொன்பது.
பத்தொன்பது...

அண்ணாச்சி, இங்க என்ன செய்திய?

சுடலைக்கண்ணு. வெளுத்திருந்தது.
மப்ளர் முழுக்கச் செம்மண்.
இருபத்தி நாலை நான் கொடுக்கவேயில்லை.
அதற்கு முன்னாலேயே தூங்கிப்போனேன்.
யார் எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை.

இன்று ராத்திரியும் அது வரும்.
வேறொரு நம்பரோடு வரும்.
எனக்குத் தெரியும்.

மீட்டரில் ஒன்பது.
ஏறுவமா, என்று பெல்ட்டை எடுத்தான்.
அவன் கையில் தூக்குவாளி,
மூடி ஓரத்தில் ஆவி.

ஏறலாம்டே.
முதல்ல அந்த டீயை ஊத்து.