இரண்டு மணி நேரக் கடல்

ஹெல்சின்கியில் ஒரு காப்பிக்குக் கொடுக்கும் காசில்
தாலினில் காப்பியோடு ஒரு பன்னும் வரும்,
சில்லறையும் மிஞ்சும்.
உர்வேயின் நோட்டில் இது முதல் பக்கம்.

வாடகை, பால், மின்சாரம், பல் பிடுங்கும் கூலி.
நடுவே கோடு கிழித்து
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.
அவள் பக்கத்தில் ஒரு வரி:
மகளுக்கு ஜுரம், இரண்டு ராத்திரி.
அதற்கு எதிரே என் பக்கம் காலி.

திங்கள் விடியலில் கப்பல் ஏறுகிறேன்.
வான்டாவில் ஓர் அறை, நான்கு கட்டில்,
மெத்தைக்கடியில் யாருடையதோ காலுறை.
ஆனால் குழாய்த் தண்ணீர் இனிக்கும்,
மேஸ்திரி சொன்ன மணிக்கு வேலை முடியும்,
சம்பளம் சொன்ன தேதிக்கு வரும்.
இதற்கு என்ன விலை போடுவது என்று கேட்டாள்.
எனக்கும் தெரியவில்லை.

வெள்ளி மாலைக் கப்பலில்
ஃபின்லாந்துக்காரர்கள் தள்ளுவண்டியோடு வருகிறார்கள்,
மலிவான பீருக்கும் மலிவான பல்லுக்கும்.
"உங்கள் ஊர் சொர்க்கம்" என்றார் ஒருவர்.
"உங்கள் ஊரும்தான்" என்றேன்,
விரலிடுக்கில் சிமென்ட்.
கடல் இருவரையும் ஒரே மாதிரிதான் ஆட்டியது.

அந்த ஊரில் இதுவரை
நாற்பத்தொரு குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறேன்.
லாஸ்னமேயில், எட்டாவது மாடியில்,
எங்களுடையது மூன்று வருடமாக வெறும் சிமென்ட்.
மகள் செருப்போடு குளிக்கிறாள்.

"ஹெல்சின்கி கூலியா, தாலின் கூலியா,
எதைத் தந்தால் ஒட்டுவாய்?"
"சனி, ஞாயிறு என்றால் இரட்டைக் கூலி" என்றேன்.

சிரிக்கவில்லை.
நோட்டைத் திருப்பி,
இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே, கோட்டின் மேலேயே எழுதினாள்:
டைல்ஸ், வெள்ளை, ஆறு சதுர மீட்டர்.
கீழே, கூலி என்ற இடத்தில்
ஒன்றும் எழுதாமல்
பேனாவை என்னிடம் நீட்டினாள்.