அளந்து போட்டது

ஸோஃபிங்கன் ஐஸ் மண்டபத்தில்
பார்வையாளர் படிகளுக்குக் கீழே என் கணக்கறை.
மேலே ஆட்டம் நடக்கும் இரவுகளில்
கோல் விழுந்ததை எனக்கு முதலில் சொல்வது
நடுங்குகிற மேசை விளக்கு.

பதினொரு வருடம் இந்தக் கழகத்தின்
வரவும் செலவும் எழுதினேன்.
மட்டை ஒன்று இருநூற்றெண்பது பிராங்க்.
மாதத்தில் ஆறு மட்டை உடைப்பான் குலோம்ப்,
கியூபெக்காரன்.
மறுநாள் காலை ரசீதோடு வந்து நிற்பான்,
ஜன்னல் கண்ணாடியை உடைத்த பிள்ளை மாதிரி.

ஒருநாள் சம்பளச் சீட்டை மடித்தபடி சொன்னான்:
"இங்கே பிராங்கில் வருகிறது, பிராங்கில் போகிறது.
இது எவ்வளவு பெரிய பாக்கியம் தெரியுமா, மேடம்?"

அவனுக்கு ஒன்பது வயதில்
அவனுடைய ஊர் அணி போய்விட்டது.
தோற்று அல்ல. அந்த வருடம்
நன்றாகத்தான் ஆடினார்களாம்.
டிக்கெட் விற்றது கனடா டாலரில்.
சம்பளம் கேட்டது அமெரிக்க டாலரில்.
எல்லை தாண்டும்போது ஒவ்வொரு தாளும்
முக்கால் தாளாகிப் போய்ச் சேர்ந்தது.
ஊரும் சின்னது. புது மண்டபத்துக்கு
அரசிடம் கேட்ட காசு கிடைக்கவில்லை.
வாங்கினவன் வந்தான்,
வீரர்களைப் பெயர்ப்பட்டியலோடு எடுத்துப் போனான்.
அடுத்த வருடமே வேறு சட்டையில்
கோப்பை தூக்கினார்கள்.
அப்பா அதைத் தொலைக்காட்சியில் பார்த்தாராம்,
சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு.

"குளிரில் எந்தக் குறையும் இல்லை மேடம்,
எண்களில்தான்" என்றான்.
நான் அவனுடைய ரசீதில் முத்திரை குத்தினேன்.

பிறகு எங்கள் கூரை ஒழுகத் தொடங்கியது.
குளிரூட்டும் குழாய்கள் நாற்பது வயதாம்.
இத்தனை இருக்கை இல்லையென்றால்
மேல்வரிசை லீக்கில் இடமில்லை என்று கடிதம் வந்தது.
இருபத்தெட்டு மில்லியன். நகரம் தரவேண்டும்.
தரலாமா என்று நகரத்தாரையே கேட்டார்கள்,
சாம்பல் நிற உறையில், வீடு வீடாக.

தலைவர் சூர்ப்ரூக் சந்தைச் சதுக்கத்தில்
எல்லோருக்கும் சொஸேஜ் சுட்டுக் கொடுத்தார்.
ஆதரவுப் பிரசுரம் முப்பத்தேழாம் பக்கம்:
'பத்தாம் ஆண்டிலிருந்து லாபம்.'
அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் நான்.
"அந்த இடத்தில் ஏதாவது நல்லதாகப் போடுங்கள்"
என்று சொன்னவர் அவர்.

நான் இந்நாட்டுக் குடியாகி நாலு வருடம்.
சமையல் மேசையில் உறையைப் பிரித்தேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் அளந்தவள். பதினொரு வருடமாக
ஒவ்வொரு மாதக் கடைசியிலும்
அளந்து அளந்து பார்த்தவள்.
ஆம் என்றால் ஜெர்மனில் இரண்டு எழுத்து.
இல்லை என்றால் நாலு.
நாலையும் எழுதினேன்.
பேனா மட்டும் ஒருமுறை வழுக்கியது.

நாற்பத்தொரு வாக்கில் தோற்றது.
நான் மாற்றி எழுதியிருந்தால் முப்பத்தொன்பது.
போதாது.
போதாது என்று தெரிந்தும்
மூன்று தடவை கழித்துப் பார்த்தேன்.

அணியின் உரிமத்தை ஏரிக்கரை நகரம் ஒன்று வாங்கியது.
சூர்ப்ரூக் அழுதார். உண்மையாகவே அழுதார்.
அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை.

கடைசி நாள் குலோம்ப் வந்தான்,
கையில் ஒரு ரசீது.
"நீங்கள் எதைப் போட்டீர்கள்?"
இந்த நாட்டில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி.
சொன்னேன்.

வெகுநேரம் என் விளக்கையே பார்த்தான்.
மேலே யாரும் ஆடவில்லை,
அது அசையாமல் எரிந்தது.
"என் அப்பாவுக்கு" என்றான்,
"யாரும் உறை அனுப்பவில்லை."
கோபமா நன்றியா, எனக்குப் பிடிபடவில்லை.
இன்றுவரை பிடிபடவில்லை.

அவன் போன பிறகு ரசீதைப் பார்த்தேன்.
மட்டை ஒன்று, இருநூற்றெண்பது பிராங்க்.
உடைந்த காரணம் என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டிருந்தான்.

செலவில் எழுதிக்கொண்டேன்.