தாவாரத்து வழக்கு

சிவகடாட்சத்தாரின் கூரை
எங்கள் மதிலுக்கு மேலால்
அரை முழம் எட்டிப் பார்க்கிறது.
மாரிக்கு மாரி அதன் தண்ணி
என் வளவுக்குள் விழுந்து
வரிசையாய்க் குழி பறித்தது.
ஏழு வருசத்துக்கு முன் சபைக்கு எழுதினேன்.
உறுதியின் நகல் இணைத்து மூன்று பக்கம்.
‘அயலவரின் கூரைநீரால் எனது காணிக்கு…’
கீழே கையெழுத்து: புவனலோஜினி.
அன்றோடு கதை பேச்சு இல்லை.

அரியாலையில் கிணறு வெட்டினால்
கடலும் ஒரு காலை உள்ளே வைக்கும்.
பங்குனியில் சோற்றுக்கு உப்புத் தேவையில்லை.
பால் விட்ட தேத்தண்ணி திரையும்.
கத்தரி, இலை விளிம்பிலிருந்து கருகிக்கொண்டு வரும்.
வல்லாரைப் பாத்தியை மூன்று தரம் நட்டு
மூன்று தரமும் பிடுங்கி எறிந்தேன்.

போன ஆவணியில் பீலி பூட்ட வந்த ரதீசன்
சீமெந்துப் பையைக் கிழித்து அதில் கணக்கெழுதினான்:
கூரை அறுநூறு சதுர அடி,
ஓர் அங்குலம் பெய்தால் முந்நூறு கலன்.
“இவ்வளவு நாளும் றோட்டுக்கு விட்டிருக்கிறியள், அக்கா.”
தாலிக்கொடியை அடைவு வைத்து
மூழ்கவிட்டவள் போல நின்றேன்.

கறுப்புத் தாங்கி, ஆயிரம் லீற்றர்.
வாயில் வலை.
டெங்கு பார்க்க வந்தவர்
டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.

முதல் மழையைப் பிடிக்கக் கூடாதாம்.
காகம் இருந்த இடம், வேப்பஞ்சருகு,
யாருடைய கலியாணத்திலோ வெடித்த வெடித்தாள்,
ஆறு மாதத்துத் தூசி
எல்லாம் கழுவிக்கொண்டு
கறுத்த தேத்தண்ணியாய் ஓடியது.
பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்து நின்றேன்.
பிறகு குழாயைத் திருப்பினேன்.
வெறும் தாங்கிக்குள்
சில்லறை கொட்டுகிற சத்தம்.

மூன்றாம் நாள் நிறைந்து வழிந்தது.
பரல் வைத்தேன். பிறகு அண்டா,
பிறகு குளிக்கிற வாளி,
பிறகு கலியாணவீட்டுக் கிடாரம் இரவல்.

கிடாரத்தை இழுத்துக்கொண்டு போகையில்தான் கண்டேன்:
மதிலோரம், அந்தக் குழிகளில்,
குப்பையோடு நான் எறிந்த பூசணி விதை
கிணற்றுத்தண்ணி ஒரு சொட்டும் படாமல்
சுளகளவு இலை விட்டுப் படர்ந்திருக்கிறது.
ஏழு வருசமாய் நான் வழக்காடிய தண்ணி.

கார்த்திகையில் சபைக்கு நினைவு வந்தது.
‘பதினான்கு நாட்களுக்குள் நீரைத் தமது
காணிக்குள் திருப்பிவிடுமாறு…’
பிரதி எனக்கும் வந்தது.
அடுத்தநாள் தூறலில்
ஏணியில் நிற்கிறார் சிவகடாட்சத்தார்,
தோளில் புதுப் பீலி, வாயில் இரண்டு ஆணி.

“அண்ணை, அதைத் திருப்பாதேங்கோ!”

ஆணியை எடுத்தார்.
“கடிதம் நீர்தானே போட்டனீர்?”

“ஓம். போட்டனான்.”

மழை இரண்டு பேருக்கும் பொதுவாய்ப் பெய்தது.
“எனக்கும் கிணறு சவர்தான், தங்கச்சி.
இப்பதான் விளங்கிச்சு.
உம்மட கடிதத்துக்கு நன்றி சொல்லவேணும்.”
சிரித்தாரா என்று தெரியவில்லை.
ஆணி மறுபடி வாய்க்குப் போய்விட்டது.

அரை மணித்தியாலம் வாய்த்தர்க்கம்.
யாருடைய கூரை, யாருடைய வானம்,
ஏழு வருசம் குழி விழுந்தது யாருடைய நிலம்.
ரதீசனைக் கூப்பிட்டு
மதில் தலையில் பீலி ஓட்டி
நடுவில் ஒரு மூட்டு வைத்தோம்,
இரண்டு பக்கமும் சமமாய் இறங்க.

நேற்று, அவன் மறந்து விட்டுப்போன நீர்மட்டத்தை
பீலியில் வைத்துப் பார்த்தேன்.
குமிழி ஒரு நூல்
என் பக்கம் ஏறி நிற்கிறது.
அப்படியென்றால் தண்ணி அவர் பக்கம்.

விடியட்டும்.
மதிலடியில் நின்று கூப்பிடவேண்டும்.
முதல் காய்ச்ச பூசணியில்
ஒரு கீற்றும் கையோடு கொண்டு போகலாம்.
முதலில் நீர்மட்டம்.