தென்மோரி சென்செய்

நேர்காணலில் முதல் கேள்வி:
நீங்கள் நேட்டிவா?
நேட்டிவ் ஆறுமுகநேரி என்றேன்.
முதல்வர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.
அது எந்த நாட்டில் இருக்கிறதென்று
இன்றுவரை கேட்கவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு
மூன்று வருடக் கணக்கில் வருகிற அப்பாக்கள்,
அவர்களோடு வருகிற பிள்ளைகள்,
அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்ல
இரண்டு வருடக் கணக்கில் நான்.
எங்கள் ஜப்பானியப் பள்ளிக்குள்
பினாங்குக்காரர்கள் என்றால்
காவலாளி சின்னையாவும்
மதில்மேல் வந்து உட்காரும் குரங்கும்தான்.

ஏழே காலுக்குச் செருப்பை மாடத்தில் விட்டு
உள்செருப்பு மாட்டுகிறேன்.
என் அளவு பெண்கள் வரிசையில் இல்லையாம்.
ஆசிரியர் அறையில் எல்லோரும் குனியும்போது
நானும் குனிகிறேன், அரை நொடி பிந்தி.
அந்த அரை நொடியில்
பதினெட்டு முதுகுகளை ஒருசேரப் பார்ப்பவள்
நான் ஒருத்திதான்.

தேன்மொழி என்ற பெயர்
அவர்கள் எழுத்தில் ஏறியபோது
நெடில் குறிலானது.
ழகரம் எந்தக் கட்டத்திலும் இடம் கிடைக்காமல்
ரகரத்தோடு ஒண்டிக்கொண்டது.
தென்மோரி.
வகுப்பே வாய்பொத்திச் சிரித்தது.
பக்கத்து மேசை கவாஜிரி விளக்கினார்:
குளிர்ந்த நூடுல்ஸ், பக்கத்தில் பொரித்த இறால்,
அந்தத் தட்டுக்கு அப்படிப் பெயர்.
நல்ல சாப்பாடு என்று
ஆறுதலும் சொன்னார்.

ஏப்ரலில் அறிவிப்புப் பலகை முழுக்க
காகிதத்தில் சக்குரா வெட்டி ஒட்டுகிறோம்.
வெளியே அங்சானா
யாரும் கேட்காமலே மஞ்சளைக் கொட்டி
பள்ளி வேன்களின் கூரையை மூடுகிறது.
வேங்கைக்கு ஒன்றுவிட்ட தங்கை அது.
இங்கே அதற்குப் பலகையில் இடமில்லை.
நிலநடுக்கப் பயிற்சியன்று
மேசைக்கடியில் ஒடுங்குகிறோம்,
ஆடாத நிலத்துக்கு மரியாதையாக.
மதியம் மணி அடித்ததும்
எல்லோரும் தரை துடைக்கிறோம்.
எம்.ஃபில். முடித்தது இதற்கா
என்று அம்மா கேட்கப்போவதில்லை,
நான் சொன்னால்தானே.

ஹோதாகா.
ஐந்தாம் வகுப்பு, ஜன்னலோரம்.
ஒன்பது மாதமாய் ஆங்கிலத்தில்
ஒரு சொல் தரவில்லை எனக்கு.
படம் காட்டினேன். பாட்டுப் போட்டேன்.
கைப்பொம்மைக்குள் கையை நுழைத்து
முயலாகப் பேசினேன்.
முயலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
எங்கள் இருவருக்காகவும் வருத்தப்பட்டான்.

டிசம்பர் மதிப்பீட்டுத் தாளில்
பேச்சு என்ற கட்டத்தில்
முயற்சி தேவை என்று எழுதி
முத்திரையை அழுத்தினேன்.
சிவப்பு வட்டத்துக்குள் நான்கு எழுத்து:
நூடுல்ஸும் இறாலுமாக நான்.

அன்று நாலு மணிக்கு மழை.
குடையை மறந்து வாசல்வரை ஓடினேன்.
காவல் கூண்டின் தகரத்துக்குக் கீழே
சின்னையாவின் ஸ்டூலில் காலாட்டிக்கொண்டு
உட்கார்ந்திருந்தான்.
கையில் பருப்பு வடை.
என்னைக் கண்டதும் குதித்து இறங்கினான்,
முறையாகக் குனிந்தான்,
நிமிர்ந்து
டீச்சர், சாப்டாச்சா? என்றான்.

இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து,
கேள்வியைக் கடைசியில் தூக்கி,
பட்டர்வொர்த் லோரி ஓட்டுநர் மாதிரி.

சின்னையா தகரத்தைப் பார்த்தார்.
சும்மா டைம் போறதுக்கு டீச்சர்.
பையன் வாய் ஓயமாட்டான் லா,
வேன் வர்ற வரைக்கும் பேச்சுத்தான்.

என் மொழி. என் மாணவன்.
வேறு வாத்தியார்.
மூன்றையும் ஒன்றாக விழுங்க
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவன் காத்திருந்தான்,
வகுப்பில் நான் காத்திருப்பதுபோல,
புருவத்தை லேசாக உயர்த்தி,
தவறினாலும் பரவாயில்லை என்கிற முகத்தோடு.

இல்லை, இன்னும், என்றேன்.
குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வடையை இரண்டாகப் பிட்டான்.
இரண்டையும் அளந்து பார்த்து
பெரிய துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டு
மற்றதை நீட்டினான்.